முதலில் பேசவிடுங்கள்!

(பீர்க்கன்கரணையில், உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கான சொற்போர், கையெழுத்து ஏட்டு மன்றத்தின் தொடக்க நாளன்று ஆற்றிய உரை. பேச்சினின்று எழுத்தாக்கப்பெற்றது.)

அவைத்தலைவர் அவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கின்ற தாய்மார்களே, தந்தைமார்களே, எல்லாரினும் மேலாக இம் மன்றத்துக்கு உரியவர்களாகிய மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவர்க்கும் என் வணக்கம்.

நான் 'வணக்கம்' என்றதும் நீங்களும் கைகூப்பி 'வணக்கம்' என்றீர்கள். மூச்சு விடுவதைப் போல அச்சொல் உங்கள் வாயில் இயல்பாக வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தகையதொரு கூட்டம் கூடியிருந்தால், பேச வந்தவர் 'மகாஜனங்களே, நமஸ்காரம்' என்று தொடங்கியிருப்பார். இங்கே நடுவில் அமர்ந்திருக்கும் தலைவருக்கு அன்று 'அக்கிராசனர்' என்று பெயர். செயலாளர் 'காரியதரிசி'. பொருளாளர் 'பொக்கிஷதார்'. சொற்பொழிவு 'உபந்நியாசம்', கொஞ்சம் உரத்துப் பேசினால் 'பிரசங்கம்'. கூட்டத்தின் முடிவில் நன்றியுரை இராது; 'வந்தனோபசாரம்' இருக்கும். தேர்தலில் நிற்பவர் வேட்பாளரல்லர், 'அபேட்சகர்'!

சிரிக்கின்றீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் பாட்டனாரின் தந்தையார் இச்சொற்களைச் சிரிக்காமல்தான் சொன்னார். சொல்லுவதே பெருமை என்றும் எண்ணினார். அவருக்கு இயல்பாயிருந்தது உங்களுக்கு நகைப்பாகிவிட்டது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? 'அக்கிராசனர் என்று சொல்லுவோர்க்குத் தண்டம்' என்று எந்த அரசும் சட்டம் போடவில்லை. அகரமுதலிகள் உதவின; உண்மை. நீலாம்பிகை அம்மையார் 1937இல் 'வடசொல் தமிழ் அகரவரிசை'யை வெளியிட்டார்கள். அது நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். ஆயினும் அகரமுதலி அடுக்கிலே இருக்கும் பொருள். அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வாயிலே வைத்துப் பழக ஓர் இடம் வேண்டுமே! அவ்விடம் மேடையாயிருந்தது, படிப்பகமாயிருந்தது, தெருமுனையாயிருந்தது. அவற்றையெல்லாம்விட மிகுதியாகப் பள்ளி மன்றமாயிருந்தது. பதினான்கு அகவைப் பையன் ஒருவன் எழுந்து நின்று, 'மன்றத்தின் செயலாளர் என்னும் முறையில் ஆண்டறிக்கையைப் படிக்கின்றேன்' என்று சொல்லிவிட்டானென்றால், அதன்பின் அவன் வாழ்நாள் முழுதும் 'காரியதரிசி' அவன் வாயில் வரமாட்டார். அவன் பிள்ளைக்கு அச்சொல் தெரியவே தெரியாது. இவ்வளவுதான் நடந்தது.

ஆதலால்தான், ஊர்தோறும் நாம் நடத்தும் மாநாடுகளைக் காட்டிலும், முப்பது பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலையில் கூடப்போகின்ற இச்சிறு மன்றத்தை நான் பெரிதாக எண்ணுகின்றேன்.

அதுவும் இவ்வூரில் தொடங்கப்பெறுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சியுண்டு. 2021ஆம் ஆண்டில் பீர்க்கன்கரணை தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. பேரூராட்சிப் பலகை போயிற்று, ஊர்ப்பெயர் போகவில்லை. போகவும் விடாதீர்கள். பெருங்களத்தூர் நிலையத்தில் சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் தொடர்வண்டியில் ஏறினால், தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை கழிந்து நான்காவதாகப் பல்லாவரம் வரும். 1911 முதல் 1950இல் மறையும்வரை மறைமலையடிகள் வாழ்ந்த ஊர் அது. எதிர்ப்புறமாகத் தெற்கே சென்றால் அடிகளின் பெயரையே தாங்கிய மறைமலை நகர் வரும். அவர் வாழ்ந்த ஊருக்கும் அவர் பெயர் வாழும் ஊருக்கும் இடையில் நீங்கள் இருக்கின்றீர்கள்.

1916ஆம் ஆண்டு, பல்லாவரத்து வீட்டில் அடிகள் வள்ளலாரின் பாடலொன்றைப் பாடிக்கொண்டிருந்தார். அருகில் மகள் நீலாம்பிகை. பாட்டில் 'தேகம்' என்றொரு சொல் வந்தது. அவ்விடத்தில் 'யாக்கை' என்றிருந்தால் இன்னும் இனிமையாயிருக்குமே என்று தந்தையார் சொன்னார். மகள் அதைப் பற்றிக்கொண்டார். அன்றுமுதல் தந்தையும் மகளும் தனித்தமிழிலேயே பேசவும் எழுதவும் முனைந்தனர். இக்கதை இங்குள்ள பெரியவர்க்கெல்லாம் தெரியும். ஆனால் அதில் ஒன்றை நாம் கருதிப் பார்ப்பதில்லை. அன்று நீலாம்பிகைக்கு என்ன அகவை? 1903இல் பிறந்தவர். அப்படியானால் அவருக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று. இன்று எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கின்ற பெண்பிள்ளையின் அகவை! தனித்தமிழ் இயக்கம் புலவர் அவையில் தீர்மானம் போட்டுப் பிறந்ததன்று. ஒரு தந்தைக்கும் பள்ளி அகவை மகளுக்கும் இடையே நடந்த பேச்சிலே பிறந்தது.

பெரியவர்களுக்குச் சிறிது கசக்கக்கூடிய மற்றொரு செய்தியையும் சொல்லப்போகின்றேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிகள் நாகப்பட்டினத்தில் பள்ளி மாணவராயிருந்தவர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. 16 அகவையில் அவர் இளைஞர்களைச் சேர்த்து ஒரு கழகம் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் என்ன? 'இந்து மதாபிமான சங்கம்'! அவர் பெயரோ வேதாசலம். 1902இல் அவர் தொடங்கிய இதழுக்கு 'ஞானசாகரம்' என்று பெயர். பல்லாவரத்தில் நிறுவிய நிலையத்துக்குச் 'சமரச சன்மார்க்க நிலையம்' என்று பெயர். பின்னரே வேதாசலம் மறைமலையானார். 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. 'சமரச சன்மார்க்க நிலையம்' 'பொதுநிலைக் கழகம்' ஆயிற்று. பதினாறு அகவைக்கும் 1916க்கும் இடையில் ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் உள்ளன. அந்த நாகைச் சிறுவன் தன் கழகத்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபொழுதே நம்மைப் போன்ற ஒருவர் எழுந்து, 'தம்பி, இதில் ஒரு சொல்கூடத் தமிழில்லை. போய்த் திருத்திக்கொண்டு வா' என்று அமர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இவர் ஒருவர் மட்டுமல்லர். திருவாரூரில் உயர்நிலைப்பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி ஒரு கையெழுத்து ஏடு நடத்தினார். அதன் பெயர் 'மாணவநேசன்'. 'நேசன்' தமிழன்று. 1942ஆம் ஆண்டில், பதினெட்டு அகவையில் அவர் துண்டு வெளியீடாகத் தொடங்கியது 'முரசொலி'. அது தூய தமிழ். (அவருடைய அரசியலோடு நமக்கு ஒப்பும் உண்டு, மாறுபாடும் உண்டு. அது இன்றைய பேச்சன்று.) பாவலரேறு பெருஞ்சித்திரனார் பள்ளியில் படித்தபொழுது 'குழந்தை' என்றொரு கையெழுத்து ஏடு நடத்தினார். அடுத்து நண்பர்களுக்காக 'மலர்க்காடு' என்றோர் ஏடு. அதில் அவர் புனைபெயர் 'அருணமணி'. அருணன் எம்மொழிச் சொல் என்று இங்குள்ளோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1959இல் 'தென்மொழி' கண்டவர் அந்த அருணமணிதான்!

ஆக, தமிழைத் தூக்கி நிறுத்தியோர் பலரும் கலப்புத் தமிழிலேதான் வாய் திறந்தார்கள். பேசிப் பேசி, எழுதி எழுதித்தான் தூய தமிழுக்கு வந்து சேர்ந்தார்கள். நாமோ பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகே பேச வேண்டும் என்கின்றோம்.

'நாம்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். 'நான்' என்றே சொல்லுகின்றேன்.

பத்தாண்டுகளுக்கு முன், சென்னைக்குத் தெற்கே ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டி. பள்ளியின் பெயர் வேண்டா. குற்றம் பள்ளியினுடையதன்று, என்னுடையது. நடுவர் மூவரில் நான் ஒருவன். தலைப்பு 'எங்கள் ஊர்'. பதினொரு பிள்ளைகள் வந்தார்கள், ஒப்பித்தார்கள், சென்றார்கள். எல்லாரும் 'கல் தோன்றி மண் தோன்றா' என்றே தொடங்கினார்கள்; எல்லாரும் ஒரே இடத்தில் வலக்கையை உயர்த்தினார்கள். பன்னிரண்டாவதாக எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். கையில் தாளில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு, தன் ஊர் ஏரியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். 'எங்க ஆயா கலங்கலாண்டதான் துணி தொவைக்கும்' என்றாள். அவையில் சிலர் சிரித்தார்கள். அவள் நிற்கவில்லை. ஏரிக்குத் தண்ணீர் எந்த வரத்துக்காலில் வந்தது, மதகைத் திறந்தால் யாருடைய கழனிக்கு முதலில் பாய்ந்தது, உள்வாயில் எப்பொழுது வீடுகள் வந்தன என்று, பார்த்தவள் சொல்லுவதைப் போலச் சொல்லிக்கொண்டு வந்தாள். 'அந்தக் கழனியிலதான் இப்போ பஸ் நிக்குது' என்றாள்.

நான் கையை உயர்த்தினேன். 'பேருந்து என்று சொல்லம்மா' என்றேன். 'பேருந்து' என்றாள். மேலும் இரண்டு சொற்றொடர் சென்றிருக்கும். 'லீவுல ஆயா வீட்டுக்குப் போனா' என்றாள். மறுபடியும் உயர்த்தினேன். 'விடுமுறை!' என்றேன். 'விடுமுறை' என்றாள். அதற்குப்பின் அவள் எங்கோ பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். ஒவ்வொரு சொல்லையும் வாயிலே வைத்துக்கொண்டு, இதைச் சொல்லலாமா கூடாதா என்று என் கையைப் பார்த்தாள். மூன்றாம் முறை நான் கையை உயர்த்தவேயில்லை. அவளே நின்றுவிட்டாள். 'நன்றி வணக்கம்' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். முதற்பரிசு, அப்பழுக்கில்லாமல் ஒப்பித்த ஒரு பையனுக்குப் போயிற்று. அதே உரையை, அதே கையசைவோடு, அடுத்த திங்கள் வேறோர் ஊரில் வேறொரு பையன் வாயிலிருந்து கேட்டேன்.

அன்றிரவு மதிப்பெண் தாளைப் பையிலிருந்து எடுத்தபொழுது, அவள் பெயருக்கு எதிரே நான் குறித்திருந்தது கண்ணில் பட்டது. 'பிறமொழிச் சொல்: 2.' அவ்வளவுதான் குறித்திருந்தேன். கலங்கல், மதகு, உள்வாய், கழனி, வரத்துக்கால் ஆகிய ஐந்து தமிழ்ச் சொற்களை நான் குறிக்கவில்லை. கேட்டேன், கேட்டும் எண்ணவில்லை. ஏரியில் மிகுநீர் வழியும் இடத்தை இன்று அலுவலகத் தாளெல்லாம் 'உபரிநீர்' வெளியேறும் இடம் என்கின்றது. செய்தித்தாளும் 'உபரிநீர்' என்கின்றது. 'உபரி' எங்கிருந்து வந்தது? 'கலங்கல்' எங்கே போயிற்று? அந்தச் சிறுமியின் ஆயா வாயில் இருந்தது. ஆயாவிடமிருந்து அவள் வாய்க்கு வந்தது. அங்கிருந்து அவைக்கு வரும் வழியில் நான் கையை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருவள்ளுவர் பொருட்பாலில் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும், அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கின்றார். பிள்ளைகளுக்கு அஞ்சாமையைக் கற்பிக்கத் துடிக்கின்ற நாம், அதற்கு முன்னுள்ளதை நமக்குக் கற்பித்துக்கொண்டோமா என்று அன்றுதான் எனக்குத் தோன்றிற்று.

எனக்குத் தமிழ் கற்பித்த ஐயா அப்படிச் செய்தவரல்லர். அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். 1976இல் நான் ஒன்பதாம் வகுப்பு. தாம்பரத்துக்குத் தெற்கே அன்று வயல்களும் தோப்புகளுமே மிகுதி. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை மன்றத்துக்கு உரியது. ஐயா மேடையில் அமரமாட்டார்; கடைசி விசிப்பலகையில், குறும்பு செய்யும் பையன்களுக்கு நடுவில் அமர்ந்திருப்பார். யார் என்ன பேசினாலும் குறுக்கே ஒரு சொல் பேசமாட்டார். நான் முதன்முதல் பேசிய அன்று 'வருஷம்', 'விசேஷம்', 'சந்தோஷம்' என்று 'ஷ'கரமாகப் பொழிந்தேன். ஐயா கைதட்டினார். திங்கட்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் என்னைத் தனியே அழைத்தார். 'வெள்ளிக்கிழமை நன்றாகப் பேசினாய். இந்தக் கிழமைக்கு உனக்கு ஒரு சொல் தருகின்றேன். வருஷத்தை ஆண்டு என்று சொல்லிப் பார். மற்றவை இருக்கட்டும்' என்றார். ஒரே ஒரு சொல். அடுத்த கிழமை இன்னொன்று. ஓர் ஆண்டில் நாற்பது சொற்கள் மாறியிருந்தன. ஒரு முறைகூட நான் அவையில் தலைகுனியவில்லை. நான் நடுவரானபொழுது ஐயாவின் தமிழை எடுத்துக்கொண்டேன். அவருடைய பொறுமையை வேப்பமரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகையால், இம் மன்றத்தின் ஆசிரியப் பெருமக்களை நான் இறைஞ்சிக் கேட்டுக்கொள்கின்றேன். மேடையில் திருத்தாதீர்கள். திங்கட்கிழமை, தனியே, ஒரு சொல்.

இனி, பேச்சைப் பற்றிக் கொஞ்சம். இன்று போட்டிகளுக்குக் குறைவில்லை. தமிழ் வளர்ச்சித் துறை, தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்க்குப் பேச்சுப் போட்டி நடத்தி வருகின்றது. முதற்பரிசு 5000 உருபா; அடுத்தவை 3000, 2000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவர்க்குத் தனியே 2000 உருபா வீதம் சிறப்புப் பரிசும் உண்டு. 2022இல் பள்ளிக் கல்வித்துறை கலைத்திருவிழாவைத் தொடங்கிற்று. ஆறுமுதல் ஒன்பதாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்காகத் 'தேன்சிட்டு' என்னும் இதழையும் கொண்டுவந்தது. இவற்றையெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் காலத்தில் பரிசென்றால் ஓர் எழுதுகோல். அதுவும் தலைமையாசிரியர் கைக்காசு.

ஆனால் ஒப்பித்தல் பேச்சாகாது. ஆசிரியர் எழுதிக் கொடுக்கின்றார். அல்லது தந்தையார் கைப்பேசியில் தேடி எடுத்துக் கொடுக்கின்றார். பிள்ளை நெட்டுருச் செய்கின்றது. நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடுகின்றது. கரணியம் என்ன? அப்பேச்சு அப்பிள்ளையினுடையது அன்று. தன் வீட்டில் விளக்கு அணைந்தாலும் நாம் தடுமாறாமல் நடப்போம். அயலார் வீட்டில் முட்டிக்கொள்வோம். நம்மவர் எழுதிக் கொடுக்கும் தூய தமிழ் உரைக்கும் இது பொருந்தும். பொருள் விளங்காமல் ஒப்பித்த 'ஒண்டமிழ்' 'வண்டமிழ்' எல்லாம் மேடையை விட்டு இறங்கியதும் உதிர்ந்துவிடும். கீழே வந்து அப்பிள்ளை தன் தோழனிடம், 'டேய், என் ஸ்பீச் எப்டி?' என்று கேட்பதை நான் காதாரக் கேட்டிருக்கின்றேன்.

இதற்கு மருந்து சொற்போர். ஒட்டியும் வெட்டியும் பேசுவதை நெட்டுருச் செய்ய முடியாது. எதிரி என்ன சொல்லுவான் என்பது முன்கூட்டித் தெரியாதல்லவா? இது நமக்குப் புதியதுமன்று. வாதிடும் திறமுடையோர் பட்டிமண்டபம் ஏறுக என்று முரசறைந்த செய்தி மணிமேகலையில் இருக்கின்றது. பல நெறியினரும் ஒரு மேடையில் ஏறித் தத்தம் கொள்கையை நாட்டிய நாடு இது. அண்மைக் காலத்தில் காரைக்குடிக் கம்பன் விழாக்களிலும், குன்றக்குடி அடிகளாரின் நடுவர் நாற்காலியின் முன்னும் பட்டிமன்றம் சிறந்து விளங்கிற்று. இன்று தொலைக்காட்சியில் 'மாமியாரா, மருமகளா' என்று துணுக்குகளைக் கோத்துச் சிரிக்க வைக்கின்றார்களே, அதைப் பார்த்துவிட்டுப் பட்டிமன்றம் என்றாலே அதுதான் என்று எண்ணிவிடாதீர்கள்.

உங்கள் சொற்போருக்கு நான் இரண்டே முறைகளைச் சொல்லுவேன். எப்பக்கம் பேசுவது என்பதைப் பேசுவதற்கு ஐந்து மணித்துளிகளுக்கு முன் சீட்டுப் போட்டு எடுங்கள். இன்று தமிழ்வழிக் கல்விக்காகப் பேசியவன், சீட்டு மாறினால் ஆங்கிலவழிக் கல்விக்காகவும் பேசட்டும்! முகம் சுளிக்காதீர்கள், பெரியோர்களே. எதிரியின் கருத்தை ஐந்து துளி தன் வாயில் வைத்துப் பார்த்தவனே அதை வேரோடு பிடுங்க வல்லவன். நம் இயக்கத்துக்கு அத்தகையவர்களே தேவை. கைதட்ட ஆள் நிறைய இருக்கின்றனர். இன்னொன்று, மறுக்க எழுபவர், 'முன்னவர் சொன்னது இது' என்று அவர் கருத்தை ஒழுங்காக எடுத்துச் சொல்ல வேண்டும். முன்னவர் 'ஆம், அதைத்தான் சொன்னேன்' என்று தலையசைத்த பிறகே மறுப்பைத் தொடங்க வேண்டும். இதைச் செய்து பாருங்கள்; பாதிச் சண்டை தீர்ந்துபோகும்.

தலைப்புகளை இமயமலையிலிருந்து இறக்க வேண்டா. உங்கள் ஊரில் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டுப் பெருமழையில் முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் நின்றதை உங்கள் வீட்டார் சொல்லியிருப்பார்கள். 'ஏரிக்குள் வீடு வந்ததா, வீட்டுக்குள் ஏரி வந்ததா?' என்று பேசுங்கள். நெடுஞ்சாலையைப் பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் பாட்டைப் பேசுங்கள். கடைப்பலகைகளில் தமிழ் எங்கே ஒளிந்துகொண்டிருக்கின்றது என்று தெருத்தெருவாகப் போய் எண்ணிக் கொண்டுவந்து பேசுங்கள்.

அடுத்தது கையெழுத்து ஏடு. அச்சும் கணிப்பொறியும் வந்தபின் கையெழுத்து ஏடு எதற்கென்று செயற்குழுவில் ஒருவர் கேட்டாராம். நல்ல கேள்வி. எங்கள் ஏடு முழுத்தாளில் எழுதி, நடுவில் நூல் கோத்து, அட்டை போட்டது. ஒரே படி. அந்த ஒரு படி வகுப்பு வகுப்பாகச் சுற்றிவரும், வீட்டுக்குப் போகும், சில நேரம் தேநீர்க் கறையோடும் திரும்பும். கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாய் விட்டிருப்போம். படித்தவர் கருத்தை அங்கே எழுத வேண்டும். 'மூன்றாம் பக்கத்துப் பாட்டு எனக்குப் புரியவில்லை' என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியிருந்தான். பாட்டு என்னுடையது. அதன்பிறகு புரியாத பாட்டு எழுதும் ஆசை எனக்கு வரவில்லை. எழுதியவனும் படித்தவனும் ஒருவர்க்கொருவர் முகந்தெரிந்தவர்களாயிருப்பதே இந்த ஏட்டின் வலிமை.

சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியராயிருந்த மயிலை சிவமுத்து அவர்கள் 'மாணவர் மன்றம்' கண்டு, தமிழ்த் தேர்வுகள் நடத்தி, எண்ணற்ற பிள்ளைகளைத் தமிழ்ப்பக்கம் திருப்பினார்கள். அம் மன்றத்துக்கு 'நித்திலக்குவியல்' என்று ஓர் இதழும் இருந்தது. கடல்கடந்து சென்றால், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியாரின் 'தமிழ் முரசு' 1950களில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியைப் பிள்ளைகளுக்காகத் திறந்துவிட்டது. சிங்கையிலும் மலேசியாவிலும் பின்னாளில் எழுத்தாளராய் விளங்கிய பலர் அதில்தான் முதன்முதல் தம் பெயரை அச்சில் பார்த்தார்கள். மலேசியாவின் தமிழ் இளைஞர் மணிமன்றமும் அவ்வேரில் முளைத்ததே. தமிழ் ஆட்சிமொழியாக இல்லாத காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள். நாம் இங்கே மாநகராட்சி விளக்கொளியில் உட்கார்ந்துகொண்டு இயலாது என்போமா?

இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளிற் பாதிப்பேர் ஆங்கிலவழிப் பள்ளியினர் என்று தலைவர் சொன்னார். அவர்களைக் குற்றஞ்சொல்ல எனக்கு நா எழவில்லை; சேர்த்தவர்கள் நாம். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களும் தமிழை ஒரு பாடமாகப் படிக்கின்றார்கள். தேர்வுக்குப் படிக்கின்றார்கள், தேர்வோடு மறக்கின்றார்கள். பேசவரும், எழுதவராது. அதனால் ஏட்டில் அவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லட்டும். தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும். கீழே இருவர் பெயரையும் போடுங்கள். நான்காம் இதழுக்குள் அந்தப் பிள்ளை தானே எழுதும்.

முதல் இதழுக்கு நான் ஒரு வேலை தருகின்றேன். ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள ஆயாவிடமோ தாத்தாவிடமோ, இவ்வூரின் பழைய குடியினரிடமோ சென்று, ஏரி, கழனி, மாடு, அடுப்பு, மழை இவற்றைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். நீங்கள் அதுவரை கேட்டிராத ஒரு சொல்லைக் கொண்டுவாருங்கள். அதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். எங்கே, யார், எதற்காகச் சொன்னார்கள் என்றும் எழுதுங்கள். முப்பது பிள்ளைகள், முப்பது சொற்கள். அவற்றுள் சில எந்த அகரமுதலியிலும் இல்லாமலிருக்கலாம். அப்படியொரு சொல் கிடைத்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். நான் வந்து எழுதிக்கொண்டு போகின்றேன்.

அந்த ஏரிக்கரைச் சிறுமி இன்று இருபது அகவையைக் கடந்திருப்பாள். எந்த ஊர், என்ன பெயர் என்று மதிப்பெண் தாளில் இருந்தது. தாள் இப்பொழுது என்னிடம் இல்லை. கலங்கலுக்கு அப்பால் அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

ஏட்டுக்கு என்ன பெயர் வைக்கலாமென்று என்னைக் கேட்டார்கள். நான்கு நல்ல தமிழ்ப் பெயர்களை எழுதிப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். கொடுக்கப்போவதில்லை. நீங்களே கூடிப் பேசி, ஒட்டியும் வெட்டியும் சொற்போரிட்டு வையுங்கள். நீங்கள் வைக்கும் பெயரில் ஓர் அயற்சொல் இருந்தாலும் நான் அதை வாங்கிப் படிப்பேன். கடைசிப் பக்கத்தில் என் கருத்தையும் எழுதுவேன். வருகின்ற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதற் சொற்போர். நான் கடைசி விசிப்பலகையில் இருப்பேன்.